பிறந்த முடியில் தெரிந்த பச்சை

அந்த வருஷம் எங்கள் லைன் வீட்டில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் மொட்டை. என் மகளுக்கு மட்டும் முடி இருந்தது. அதுதான் பிரச்சினை.

லைன் வீடு என்றால் ஒரே ஷீட் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் குடியிருப்பது. முன்னால் தண்ணீர்த் தொட்டி. என் கணவர் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறார். நான் இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் காய் நறுக்குகிறேன். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். மகளுக்கு ஏழு வயது. பக்கத்து அரசுப் பள்ளியில் இரண்டாவது படித்தாள்.

முதலில் வீட்டுக்காரம்மாவின் பேரனுக்குத்தான் வந்தது. தலையில் காசு அளவுக்கு வட்டமாக முடி போயிற்று. பூச்சிவெட்டு என்று சின்ன வெங்காயத்தைத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கச் செதிலாக உதிர்ந்தது. பிறகு எங்கள் பக்கத்து அறைப் பையனுக்கு வந்தது. பிறகு பள்ளியில் வேறு வேறு வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஊருக்குள் இருப்பவர்கள், லைன் வீட்டில் இருப்பவர்கள், ஆண், பெண் என்று பார்க்கவில்லை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா முடிவெட்டுகிறவரை வரவழைத்தார். தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மெஷின். ஒரு தலை முடிந்ததும் வாயால் ஊதிவிட்டு அடுத்த தலை. பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்ற என் மகளை நான் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"இன்னாம்மா, உம் பொண்ணு மட்டும் இன்னா மகாராணியா?" என்றார் வீட்டுக்காரம்மா.

"அவளுக்கு இங்கன வெட்டக் கூடாதும்மா. பொறந்த முடி."

"ஏழு வயசுப் பொண்ணுக்குப் பொறந்த முடியா? யாராண்ட கத வுட்ற?"

கதை இல்லை. எங்கள் வழக்கத்தில் முதல் மொட்டை குலசாமி சாஸ்தா கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான். அதற்கு முன்னால் கத்தரி படக் கூடாது. தாய்மாமன் என் தம்பி. அவள் பிறப்பதற்கு முன்னாலேயே வளைகுடா நாட்டுக்கு வெல்டிங் வேலைக்குப் போனவன். வருகிறேன் என்பான், லீவு கிடைக்காது. அவன் வந்தபோது எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. இப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது. முடி இடுப்புக்குக் கீழே போய்விட்டது. நுனி மட்டும் செம்பட்டையாக, நூல் மாதிரி இருக்கும். அந்த நுனி என் வயிற்றுக்குள் முளைத்தது. தலை சீவும்போது அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆனால் அவளுக்கும் வந்துவிட்டது. வலது காதுக்கு மேலே. நான் பின்னலை இறுக்கி மறைத்திருந்தேன். வீட்டுக்காரம்மா பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"பாரு, கீது! எங்க புள்ளைங்கள எல்லாம் மொட்டையடிச்சி உக்கார வெச்சிட்டு, நீ முடியில வெச்சி வளத்துக்கினு கீற. உங்கூர்லேர்ந்து எத்துக்கினு வந்த சீக்கு இது. மொட்ட போடு. இல்லேன்னா மாசக் கடேசில வூட்ட காலி பண்ணு."

மறுநாள் பள்ளியிலும் அதே பேச்சு. அங்கேயும் சீக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மொட்டை போட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, பேரன்ட்ஸ் எல்லாம் வந்து சண்டை போடறாங்க. முடியோட ஒரு பொண்ணு உள்ள உக்காந்தா மறுபடி எல்லாருக்கும் ஒட்டிக்கும்னு சொல்றாங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கேன், டாக்டர் வருவாங்க. அதுவரைக்கும் ஒண்ணு மொட்டை போட்டுடுங்க, இல்ல வீட்ல வெச்சிக்கோங்க."

வீட்டில் யார் பார்ப்பார்கள்? காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன்.

என் கணவர் கேட்டார். "வெட்டிருவமா?"

"வேண்டாம்."

"அப்பம் ஊருக்கு அனுப்பணும்."

"அதுவும் வேண்டாம்."

அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு இங்கே வேலை செய்கிற பெண்கள் எங்கள் கேன்டீனிலேயே இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் போனில் பிள்ளை முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வருவார்கள். அப்படி இருக்க மாட்டேன் என்றுதான் இவளைக் கையோடு கூட்டி வந்தேன். இப்போது சாமிக்கு உள்ள முடியைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளையை அனுப்ப வேண்டும். லீவு போட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்திருந்தேன். அவள் வாசலில் நின்று பள்ளிக்குப் போகிற மொட்டைத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கு டாக்டர் வந்தார். அரசு ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மா. என்னையும் மகளையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். தலைக்குத் துணி கட்டிக் கூட்டிப் போனேன்.

"ஒரு ரூமை நல்லா இருட்டாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

சத்துணவுக் கூடத்து அரிசிச் சாக்குகளை எடுத்து ஜன்னல்களில் கட்டினோம். நானும் ஏறிக் கட்டினேன். கதவு இடுக்கில் ஆண்டு விழாக் கறுப்புத் துணியைச் செருகினார்கள். பகல் பதினொரு மணிக்கு உள்ளே கை தெரியவில்லை. பிள்ளைகள் கத்தினார்கள். வீட்டுக்காரம்மா பேரனோடு வந்திருந்தார். "யாரு காலுடா இது, எடு" என்று ஒரு மூலையில் அவர் குரல் கேட்டது.

டாக்டரம்மா ஒரு விளக்கைப் போட்டார். பேட்டரியில் எரிவது, கையில் பிடிக்கலாம். வெளிச்சம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் ஊதா. ஆனால் அது பட்ட இடமெல்லாம் வேறு மாதிரி ஆனது. வெள்ளைச் சட்டைகள் நீலமாக எரிந்தன. சட்டைக்குள் ஆள் இல்லாத மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பல் மட்டும் தனியாக மிதந்தது.

"ஐயே, பல்லுக்கு பேட்டரி போட்டாமாரி கீதே!" என்றார் வீட்டுக்காரம்மா.

"சட்டை பளபளக்குறது சோப்பு" என்றார் டாக்டரம்மா. "நான் தேடுறது வேற."

ஒவ்வொரு மொட்டையாக விளக்குக்குக் கீழே வந்தது. களிம்பு பூசிய தலை மஞ்சளாக மினுங்கியது. வேறொன்றும் இல்லை. அங்கங்கே ஒரு புள்ளி தெரிந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லாத்தையும் வழிச்சுட்டு என்னைப் பாக்கச் சொன்னா எதைப் பாக்கறது? இது முடியிலதான் தெரியும். முடியோட யாருமே இல்லையா?"

வீட்டுக்காரம்மாதான் சொன்னார். "ஒண்ணு கீது. அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு."

மகளை உட்கார வைத்தேன். இருட்டில் கைத் தடவலாகவே பின்னலை அவிழ்த்தேன். டாக்டரம்மா விளக்கைக் காதுக்கு மேலே கொண்டுவந்தார்.

பச்சை.

இலைப் பச்சை இல்லை. அந்தப் பச்சையை நான் அதற்கு முன்னால் எதிலும் பார்த்ததில்லை. விளக்கு மேலே பட்டுத் தெரிந்த மாதிரி இல்லை, முடி உள்ளேயிருந்து எரிந்த மாதிரி இருந்தது. நாற்றங்காலில் முளை எழும்பி நிற்கும் அல்லவா, அப்படிக் குட்டை குட்டையாக நின்றது. ஒவ்வொரு முடியும் தனித் தனியாகத் தெரிந்தது. மற்ற முடியெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவில் அது.

தினமும் நான் எண்ணெய் வைக்கிற தலை. சீப்பு போடுகிற தலை. அதற்குள் இது இருந்திருக்கிறது. பயம் என்று சொல்ல முடியாது. கர்ப்பக்கிருகத்தில் திரை விலகும்போது வாய் தானாக மூடிக்கொள்ளும், அந்த மாதிரி.

பிள்ளைகள் ஒருவர் தோள் மேல் ஒருவர் எக்கிப் பார்த்தார்கள்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "பூஞ்சை. ஊறுகாய்ல பூக்குது பாருங்க, அந்தச் சாதி. முடிக்குள்ள போய்க் குடியிருக்கு."

"வாடக குடுக்குதாமா?" என்றார் வீட்டுக்காரம்மா. ஆனால் குரல் இறங்கியிருந்தது. அவரும் கிட்டே வந்து என் தோள் மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"இதுல நாலஞ்சு முடி எடுக்கணும். மெட்ராஸ் லேபுக்கு அனுப்பினா எந்தப் பூஞ்சைன்னு தெரியும்."

நான் அவள் தலையின் மேல் கையை வைத்துவிட்டேன். வைக்க வேண்டும் என்று வைக்கவில்லை. கை போய்விட்டது.

"சாமிக்கு உள்ள முடிம்மா."

டாக்டரம்மா விளக்கை இறக்கினார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. "வேர்லேர்ந்து தானா வந்துடும். கத்தரி வெக்க மாட்டேன்" என்றார். "சாமி கோச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லிடுங்க."

கையை எடுத்தேன். இடுக்கியால் எடுத்தார். இழுத்த மாதிரியே இல்லை, வந்துவிட்டது. மகள் ஆ என்று கூடச் சொல்லவில்லை. கண்ணாடித் தட்டில் வைத்தபோதும் விளக்கில் அது பச்சையாகவே இருந்தது. தலையை விட்டு வந்த பிறகும்.

விளக்கை அணைக்கப் போனவர் நின்றார். மகளின் சட்டைத் தோளில் இன்னொரு பச்சை. கண் இமை அளவு. டேப்பால் ஒட்டி எடுத்தார். சாக்கை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது உங்க பொண்ணு முடி இல்ல. மனுஷ முடியே இல்ல. வீட்ல பூனை இருக்கா?"

"இல்லம்மா."

"பூனையா? எங்க லைன்ல கோழி கூட வுட மாட்டேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

டாக்டரம்மா மகளின் தலையில் விரலை வைத்துக் காட்டினார். "இன்னொண்ணு. இது வட்டமா மட்டும் இல்ல. காதுக்கு மேல ஆரம்பிச்சுப் பின்னாடி வரைக்கும் ஒரு கோடாப் போகுது. இந்த எடத்துல ஏதாவது அழுத்துமா? ரிப்பன், ஹேர்பேண்ட்?"

என் கை என் நெற்றிக்குப் போனது. ஷிஃப்ட் முடிந்து கேன்டீன் தொப்பியைக் கழற்றினால் எனக்கு அந்த இடத்தில்தான் எலாஸ்டிக் தடம் இருக்கும். காதுக்கு மேலே தொடங்கிப் பின்மண்டை வரைக்கும்.

"ஏட்டி, தொப்பி போட்டியா?" என்றேன்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மாவின் பேரனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"டேய், இன்னாடா கண்ணுலயே பேசிக்கினு கீற?" என்று அவன் மொட்டையில் ஒன்று வைத்தார் வீட்டுக்காரம்மா.

மகள் சொன்னாள். "எனக்கு பி ஷிஃப்ட்டும்மா."

பள்ளி விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போவதில்லை. அம்மா அப்பா வேலையிலிருந்து திரும்பாத பிள்ளைகள் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் காத்திருப்பார்கள். அங்கே ஒரு பழைய சாமான் கடை. கம்பெனிகளிலிருந்து வருகிற பேக்கிங் ஃபோமும் மரப் பலகைகளும் தார்ப்பாய்க்குக் கீழே மலை மாதிரி கிடக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் நான் பஸ் ஏறுகிறேன். உள்ளே ஒரு பொந்து இருந்தது எனக்குத் தெரியாது.

மகள் எங்களை அங்கே கூட்டிப் போனாள். டாக்டரம்மாவும் வந்தார். தலைமை ஆசிரியை, வீட்டுக்காரம்மா, பின்னால் மொட்டைகள். ரோட்டில் கன்டெய்னர் லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகள் குனிந்து தார்ப்பாயைத் தூக்கினாள்.

உள்ளே பிள்ளைகள் ஒரு கம்பெனியே நடத்தியிருந்தார்கள். மரப் பலகை ஒன்று லைன். அதன் மேல் பாட்டில் மூடிகள், உடைந்த ஸ்விட்சுகள். பக்கத்தில் தொப்பிகள். நீலம், சாம்பல், வெள்ளை. பின்னால் வலை வைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த கம்பெனித் தொப்பிகள். புதுசு கொடுத்தால் பழசு வீட்டுக்கு வரும். சூடான பாத்திரம் பிடிக்க வைத்திருப்போம். என் வெள்ளைத் தொப்பியும் அங்கே இருந்தது. அதைக் காணோம் என்று தேடியிருக்கிறேன்.

"தொப்பி கம்மி" என்றான் பேரன். அவன்தான் சூப்பர்வைசராம். "அதான் ஏ ஷிஃப்ட் முடிஞ்சா கயட்டி பி ஷிஃப்ட்டாண்ட குடுத்துடணும். தொப்பி இல்லாம லைன்ல நிக்கக் கூடாது. சேஃப்டி."

"பிரேக்குல?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பிரேக்குல அதுங்க தூங்கும்."

தொப்பிகளுக்குள் பூனைக்குட்டிகள் இருந்தன. ஒரு தொப்பிக்கு ஒன்று. சத்துணவு முட்டையில் பாதியை இவர்கள் அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். தாய்ப்பூனை மழைக்கு ஒதுங்கி வந்து குட்டி போட்டது என்று கடைக்காரர் வெளியே இருந்து சொன்னார். பிறகு ரோட்டில் லாரியில் அடிபட்டுவிட்டதாம். அதிலிருந்து பிள்ளைகள்தான் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு அம்மா வரத் தாமதமாகிறதோ அந்தப் பிள்ளை குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் ஓ.டி.

என் மகள் நிறைய ஓ.டி. பார்த்திருக்கிறாள்.

டாக்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்தார். "தார்ப்பாயை இறக்குங்க" என்றார். நான் பின்னால் தவழ்ந்தேன். இறக்கினார்கள். ஃபோம் சத்தத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டது. லாரிச் சத்தம் கூடத் தூரத்தில் கேட்டது. விளக்கைப் போட்டார்.

குட்டிகள் எரிந்தன.

காது ஓரம், மீசை முளைக்கிற இடம், பாதம். அந்தப் பச்சையேதான். ஒரு குட்டி கொட்டாவி விட்டது, முகத்தைச் சுற்றிய பச்சை விரிந்து மூடியது. தொப்பிகளின் எலாஸ்டிக் ஓரம் முழுக்கப் பச்சைத் துணுக்குகள், விளிம்பைச் சுற்றிச் சுற்றி. பலகை மேல், ஃபோம் மேல் எல்லாம் அங்கங்கே தூவினாற்போல். பிள்ளைகள் எங்கெல்லாம் உட்கார்ந்தார்கள், எங்கே தலை சாய்த்தார்கள் என்று அது எழுதாமலேயே சொன்னது. இந்த மூலையில் இவ்வளவு பெரிய ஒன்று நடந்திருக்கிறது. எங்கள் தொப்பியில் ஏறி, எங்கள் ஷிஃப்ட் மாதிரியே கை மாறி, தலை மாறி, ஊர் முழுக்கப் போயிருக்கிறது. நாங்கள் பகலில் அதன் பக்கத்திலேயே நின்று பஸ் ஏறிக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர், இதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார். அவர் விளக்கை அணைக்க அவசரப்படவில்லை.

தார்ப்பாயைத் தூக்கி வீட்டுக்காரம்மா தலையை நீட்டினார். பார்த்தார். "ஏம்மா, இதுங்களுக்கு உள்ள கரண்ட் குடுத்தது யாரு?" என்றார். அவர் பேரன்தான் முதல் குட்டியைத் தூக்கியவன். அவனுக்குத்தான் முதலில் வந்தது. திருநெல்வேலி என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மகள் என் முந்தானையை இழுத்தாள். "கம்பெனிய மூடிருவாங்களாம்மா?"

"மூடிருவாங்கட்டி."

அழுதாள். வேலை போன எல்லாரும் அழுதார்கள்.

தொப்பிகளைக் கொளுத்தினோம். குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்து கொடுத்துக் குணமானதும் ஒன்றைப் பழைய சாமான் கடைக்காரரே வாங்கிக்கொண்டார். முடிவெட்டுகிறவருக்கு டாக்டரம்மா மெஷினைச் சுத்தம் பண்ணும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு மாத்திரை, தலைக்கு ஷாம்பு. மாத்திரையைப் பாலோடு கொடுக்க வேண்டும், வாரக் கணக்கில் விடாமல். மொட்டை தேவையே இல்லையாம்.

"மருந்து ஆரம்பிச்சாச்சு. தலையில துணி கட்டிக்கிட்டு கிளாசுக்கு வரலாம்" என்று தலைமை ஆசிரியையிடம் டாக்டரம்மா என் முன்னாலேயே சொன்னார்.

மறுநாள் அனுப்பினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மாசக் கடைசி வந்தது, போனது. காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரம்மா கேட்கவில்லை. ஒரு நாள் சொம்பில் பால் கொண்டுவந்து வாசலில் வைத்தார். "மிஞ்சிப் போச்சி. பொண்ணுக்குக் குடு." அதிலிருந்து தினமும் மிஞ்சியது.

மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. குட்டிகளிடம் இருந்ததும் என் மகள் தலையில் இருந்ததும் ஒன்றுதான் என்று. அதற்கும் பிறகு டாக்டரம்மா விளக்கோடு மறுபடி வந்தார். மறுபடி சாக்கு கட்டினோம். மொட்டைகளில் முடி வளர்ந்திருந்தது. ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். கடைசியில் என் மகள். பின்னலை அவிழ்த்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது விளக்கு அவள் தலைக்கு மேலேதான் இருந்தது. ஒன்றும் இல்லை. கறுப்பு. எல்லா முடியும் ஒரே கறுப்பு. அந்த இடத்தில் புது முடி விரல் கனத்துக்கு எழும்பி நின்றது.

"போச்சும்மா" என்றார் டாக்டரம்மா.

சந்தோஷம்தான். ஆனாலும் இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் தம்பி போன் பண்ணினான். "ஏக்கா, லீவு கெடச்சிட்டு. டிக்கெட் போட்டாச்சு. சாஸ்தா கோயிலுக்குச் சொல்லி வையி."

"சரிடா. முடி கொஞ்சம் கொறையும்."

"எங்க போச்சு?"

"மெட்ராசுக்கு. கண்ணாடித் தட்டுல வச்சு அனுப்பிட்டோம்."

அவனுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். தொப்பி, குட்டி, விளக்கு எல்லாம். பச்சையைச் சொல்லத்தான் வரவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு விட்டுவிட்டேன்.

"சாமி கோவிச்சுக்கிடுமோக்கா?" என்றான்.

"நான் சொல்லிக்கிடுதேன். அது சாமி மட்டும் பாக்க வேண்டிய வெளிச்சம்டா. நான் பாத்துட்டேன்."